பஸ் மறைத்த காற்று

19-2-86, புதன்

காற்று இன்றும் நிற்கவில்லை. வேலை முடிந்து அறைக்கு வந்து தலையைத் தட்டினால் ஒரு கைப்பிடி மணல் கொட்டுகிறது. வரும் வெள்ளி விட்டு அடுத்த வெள்ளி உதைபந்தாட்டப் போட்டி. எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் நீலச் சட்டை, பக்கத்து ஊர்க் கல்லூரிக்காரர் பச்சைச் சட்டை. யாழ்ப்பாணத்தில் இரண்டு கல்லூரிக்கும் நடுவில் ஒரு புகையிலைத் தோட்டமும் ஒரு சுடலையும்தான். அங்கே இந்தப் போட்டி நடந்து இரண்டு வருடமாகிறது. மைதானத்தில் ஆமி கூடாரம் அடித்திருக்கிறது. இனி நடப்பதென்றால் பஹ்ரெயினில்தான் நடக்க வேண்டும். இதைச் சொன்னால் அறையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இந்த முறை மைதானம் அவர்களுடைய தொழிலாளர் காம்பில். பச்சைக்குக் கப்டன் மகேசன். ஒரு கட்டடக் கம்பனியில் பஸ்களுக்குப் பொறுப்பாக இருக்கிறான். தன்னோடு படித்தவர்களை ஒவ்வொருவராக விசா எடுத்துக் கூப்பிட்டு, ஒரே காம்பில் ஒரு முழு அணியைச் சேர்த்துவிட்டான். நாங்கள் ஆளுக்கொரு கம்பனியில் சிதறிக் கிடக்கிறோம். பயிற்சிக்கு ஐந்து பேர் வந்தால் பெரிய காரியம். அதற்கும் என்னைத்தான் குறை சொல்கிறார்கள், கப்டன் அம்பலமாம்.

இதற்குள் இன்னொன்று. மகேசனின் தங்கை வள்ளிநாயகியை எனக்குப் பேசுகிறார்கள். சாதகம் பொருந்திவிட்டதாம். போன லீவில் மினிபஸ்ஸில் அவளைப் பார்த்திருக்கிறேன். ஒரு வயதானவரை ஏற்றாமல் மணியடித்த கொண்டக்டரை அவள் பேசிய பேச்சில் பஸ்ஸே நின்றது. அன்றைக்கே எனக்குப் பிடித்துவிட்டது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

28-2-86, வெள்ளி

பேனாவை அழுத்தி முனையை உடைத்துவிட்டேன். கோபத்தில்தான், வேறொன்றுமில்லை.

நாணயம் சுண்டியதில் நான் வென்றேன். வடக்கிலிருந்து காற்று அள்ளி அடித்தது. வடக்குக் கோலை எடுத்தேன். முதல் பாதியில் காற்று எங்கள் முதுகில் இருக்கும். பொழுதுபடக் காற்றுப் படுத்துவிடும், இரண்டாம் பாதியில் எதிர்க்காற்று இராது என்று கணக்குப் போட்டேன். அது எங்கள் ஊர்க் காற்று. இந்த ஊர்க் காற்றுக்கு யார் போய்ச் சொல்வது? ஆறு வருடமாக இங்கே மணல் தின்கிறேன், இது தெரியவில்லை எனக்கு.

விசில் ஊதுவதற்குள் காம்பு பஸ்கள் ஆறு வந்து எங்கள் கோலுக்குப் பின்னால் இடைவெளியில்லாமல் வரிசையாக நின்றன. கூரையெல்லாம் ஆட்கள். சனம் இருந்து பார்க்க வசதி செய்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். எங்கள் கீப்பர் மார்க்கண்டு, கண்ணில் மணல் விழவில்லையென்று சந்தோஷப்பட்டு, ட்ரைவர் ஒருவருக்குக் கையைக் காட்டி நன்றி வேறு சொன்னான். கால்மணி நேரம் விளையாடிய பிறகுதான் விளங்கியது. எங்களுக்கு வர வேண்டிய காற்று பஸ்ஸுக்குப் பின்னால் நின்றுவிட்டது.

காம்பு ஆட்கள் முந்நூறு பேருக்கு மேல். ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்தவர்கள். அந்தக் கல்லூரி எந்தத் திசையில் இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. சூப்பர்வைசர் பச்சையென்றால் அவர்களும் பச்சை. தகரத்தையும் தொப்பியையும் தட்டிப் ‘பச்சை, பச்சை’ என்று கத்தியதில், பக்கத்தில் ஓடி வந்தவன் பந்தைக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. எங்களுக்காகக் கத்த வந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

இடைவேளையில் ஒரு ஹோர்ன் சத்தம். ஆறு பஸ்ஸும் புறப்பட்டு மைதானத்தின் பக்கமாகப் போய் நின்றுவிட்டன. வடக்கு வெளித்துவிட்டது. இப்போது வடக்குக் கோல் பச்சைக்காரருடையது. முழு மணலும் எங்கள் முகத்தில்.

ஓடிப்போய் மத்தியஸ்தரிடம் முறையிட்டேன். நூஹு சார், காயல்பட்டினத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். நல்ல மனுஷன். “சட்டப் புத்தகத்துல பஸ்ஸப் பத்தி ஒண்ணும் போடலியே தம்பி” என்றார். பஸ் ஓட்டிய பன்னீர்செல்வத்தைப் பிடித்தேன். மகேசன் சார் நகர்த்தச் சொன்னார், நகர்த்தினேன் என்றான். அவனை ஏச எனக்கு வாய் வரவில்லை.

நாலு கோல். மூன்றாவதை எப்படி எழுதுவது? மார்க்கண்டு கையிலிருந்து உயர உதைத்த பந்து, மேலே போய் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்து, எங்கள் கோலுக்குள்ளேயே விழுந்தது. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பந்தை எதிர்ப்பக்கம் தேடிக்கொண்டிருந்தான். முந்நூறு பேரும் சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள் இருக்கிறது.

பிறகுதான் நடந்தது. போட்டி முடிந்தால் எல்லாருக்கும் ஒரே தாச்சிச் சட்டியில் சோறு. வென்ற கப்டன் சோற்றையும் ஆட்டுக்கறியையும் குழைத்து, திரணை உருட்டி, முதல் திரணையைத் தோற்ற கப்டனின் கையில் வைக்க வேண்டும். எங்கள் அப்பாமார் காலத்திலிருந்து வரும் வழக்கம். மகேசன் உருட்டி நீட்டினான். நான் கையை நீட்டவில்லை.

“அம்பலம், வெண்டது தோத்தது போகட்டும். சோத்தைத் தள்ளாதையும்” என்றான்.

“களவெடுத்த கையால குழைச்ச சோறு எனக்கு வேண்டாம்” என்றேன்.

திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

1-3-86, சனி

பசி. கோபம் அதைவிடக் கூட.

4-3-86, செவ்வாய்

கோல்ட் ஸ்டோர்க் கடைக்குப் பாண் வாங்கப் போனால், எனக்கு முகமே தெரியாத ஒருவன் பின்னால் நின்று மெல்ல ‘பச்சை’ என்கிறான். திரும்பினால் மீன் டின்னை உற்றுப் பார்க்கிறான்.

என் அறையில்தான் மார்க்கண்டுவும் இருக்கிறான். பஸ் வைத்தது பிழைதான், ஆனாலும் சோற்றைத் தள்ளியிருக்கக் கூடாது என்கிறான். நன்றி சொல்லிக் கை காட்டியவர் எனக்குப் புத்தி சொல்கிறார்! இவனுடைய கண் இன்னும் சிவந்துதான் கிடக்கிறது. அதற்காவது இவனுக்குக் கோபம் வர வேண்டாமா? வராது. எல்லாருக்குமாகச் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டும்.

9-3-86, ஞாயிறு

சம்பந்தப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

மகேசன் மார்க்கண்டுவிடம் சொல்லியனுப்பியிருக்கிறான். “எங்கட திரணைக்குக் கை நீட்டாதவருக்கு எங்கட பிள்ளையை எப்பிடிக் குடுக்கிறது?” நான் அவர்களுடைய காம்புக்கு வந்து எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டால் யோசிப்பார்களாம்.

யார் கேட்பது மன்னிப்பு? பஸ்ஸை நிறுத்தியது யார், எடுத்தது யார்? காற்றைத் திருடியவன் கௌரவமாக இருக்கிறான். திருட்டென்று சொன்னவன் மரியாதை தெரியாதவன். நல்ல நியாயமடா இது! செருப்பைக் கழற்றி எறிந்தேன். அது சுவரிலே பட்டு மார்க்கண்டுவின் சாப்பாட்டுக் கோப்பைக்குள் விழுந்தது. அதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

13-3-86, வியாழன்

போய்க் கேட்டுவிடலாமா? ஒரு வசனம்தானே.

என் இடத்தில் அவள் இருந்தால் கேட்பாளா? கொண்டக்டரிடம் கேட்டிருப்பாளா?

மாட்டாள். நானும் மாட்டேன். ஆனால் அவளை நினைக்காமல் ஒரு நாளும் போவதில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

7-4-86, திங்கள்

சித்ரா தீவிலுள்ள எங்கள் சைட்டில் இன்று மத்தியானம் கண் தெரியாத மணல். ஒதுங்க ஒரு சுவர்கூட இன்னும் எழும்பவில்லை. ஆட்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்க முடியாமல் மடியில் மூடி வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். நான் போர்மனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பஸ் வந்து, காற்றுக்குக் குறுக்கே ஆட்களை அணைத்தபடி நின்றது. எங்கள் சைட்டுக்கும் மகேசனின் கம்பனி பஸ்தான் வாடகைக்கு ஓடுகிறது. ஓட்டி வந்தது மகேசனே. ஆட்கள் பஸ்ஸின் மறைவில் இருந்து சாப்பிடத் தொடங்கினார்கள். பஸ்ஸை எங்கே நிறுத்துவதென்று இவனுக்கு நன்றாகத் தெரிகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே வரச் சொன்னான். போகவில்லை. “வாரும், உமக்கு ஒரு ஆள் கதைக்குது” என்றான். போனேன்.

பஸ்ஸிலிருந்த கசட் பெட்டியில் ஒரு கசட்டைப் போட்டான். வீட்டிலிருந்து பேசி அனுப்பியது. அவனுடைய அப்பா இருமினார், மழை பற்றிச் சொன்னார், ஆடு குட்டி போட்டதைச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் குரல்.

“அண்ணா, பஸ்ஸை வைச்சு ஆக்களை ஏமாத்தினது நீங்கள். தோத்தால் மூண்டு நாளைக்குச் சாப்பிடாமல் கிடக்கிறதும் நீங்கள். அந்த மனிசன் ஒரு நேரம் சாப்பிடேல்லை. அதுக்கேன் இவ்வளவு?”

மகேசன் பெட்டியை நிறுத்தினான். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்: “அண்டைக்கு நான் செய்தது பிழைதான். ஆனா வெண்டது வெண்டதுதான்.”

கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது. அதற்குள் அவன் தன் பாத்திரத்தைத் திறந்து சோற்றைக் குழைக்கத் தொடங்கிவிட்டான். மீன் குழம்பு, உப்பே இல்லை. உருட்டி நீட்டினான். பஸ்ஸுக்கு வெளியே காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் மணல் கொறித்தது. உள்ளே ஒரு துளி மணல் இல்லை.

கையை நீட்டினேன். கசட்டை இன்னொரு முறை போடச் சொல்லவும் செய்தேன்.

8-4-86, செவ்வாய்

கலியாணத்துக்கு ஓம் என்று அம்மாவுக்கு எழுதிப் போட்டேன்.

6-3-87, வெள்ளி

இந்த வருடம் எங்கள் மைதானம். ஒரு மாதமாக அலைந்து எங்கள் சைட் ஆட்கள் இருநூறு பேரைச் சேர்த்திருந்தேன். எல்லாருக்கும் நீலத் துணி. காற்று அறவே இல்லை. கொடித் துணிகூட ஆடவில்லை. பஸ்களை ரோட்டிலேயே நிறுத்தச் சொல்லியிருந்தேன், மகேசன் வாய் திறக்காமல் நிறுத்தினான்.

மூன்று கோல் வாங்கினோம். ஏசுவதற்கு ஒரு பஸ்கூட இல்லை.

இருநூறு பேர் நீலம் நீலம் என்று கத்தியதற்கு மேலால் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. குடும்பங்களுக்குப் போட்டிருந்த கதிரையில் ஏறி நின்று ‘பச்சை’ என்று. நீலக் கப்டனின் மனைவி! முழுச் சைட்டும் என்னைத் திரும்பிப் பார்க்கிறது. இதைக் கேட்டால், கல்லூரி வேறு கலியாணம் வேறாம்.

மகேசன் திரணை நீட்டினான். வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் வள்ளியோடு கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் கதைக்கவில்லை. குசினிக்குள் இருந்து, சோறு போடட்டா, இல்லாவிட்டால் மூன்று நாளா என்று கேட்கிறாள்.

போடச் சொன்னேன்.