புது மரக் கோயிலும் முன்வரிசை இருக்கையும்

மூன்று புறமும் கடல் காவல் நிற்க, முத்தூற்று நாட்டைப் புரந்து வீற்றிருக்கும் பெருங்கோ இளநாகன், பவழத்துறைப் பட்டினத்து அமைச்சர் வெள்ளைச்சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. உமது துறையில் கலங்கள் நிறைக. உமது மனையில் விளக்கொளி குன்றாதிருக்க.

நட்பு உடன்படிக்கை செய்ய வந்துள்ள ஜப்பானியத் தூதர் ஹிரோனரிக்கு நாளைய பேரவையின் கடைவரிசையில் இடம் ஒதுக்கினீர் என அறிந்தோம். தொன்மையான கற்கோயில் உடைய குடிக்கே முன்வரிசை என்பது நம் முன்னோர் வகுத்த முறை. அவர்தம் தலையாய கோயிலில் இன்னும் பச்சை மரவாசம் வீசுவதாக நம் மாலுமிகள் சொல்லக் கேட்டு, நேற்று முளைத்த குடி என்று முடிவு கட்டிவிட்டீர்.

இன்று காலை அத்தூதரை யாமே அழைத்து வினவினோம். இருபது ஆண்டுக்கு ஒருமுறை அக்கோயிலை, பக்கத்து மனையில் அதே அளவில் புதிதாக எழுப்பிவிட்டுப் பழையதைப் பிரிப்பது தம் வழக்கம் என்றார். புத்தாடை உடுத்திய தாயைக் கண்டு நேற்றுப் பிறந்தவள் என்பார் உம் நாட்டில் உண்டோ என்றும் கேட்டார். அவை சிரித்தது, யாமும் சிரித்தோம்.

உழவு பரவாத காலத்திலேயே அத்தீவுகளில் மான் வேட்டையாடி, சிப்பி பொறுக்கி, ஈரமண்ணில் கயிற்றை அழுத்திக் கோலமிட்ட கலயங்களில் சமைத்தவர் தம் மூதாதையர் என அத்தூதர் விளக்கினார். பின்பு மேலைக் கரையிலிருந்து நெல்லோடு படகேறி வந்தோர் அவர்களோடு கலந்தனர். அக்கலப்பில் எழுந்த குடியின் மன்னர்கள் மலையன்ன மண்மேடுகளின் கீழ்த் துயில்கின்றனர். அண்டை நாட்டு எழுத்தை இரவல் பெற்றதை அவர் மறைக்கவில்லை. அதிலிருந்தே தம் நாவுக்கேற்ற எழுத்தைப் படைத்துக்கொண்டதைத் தலை நிமிர்ந்து சொன்னார். முன்வரிசை இல்லையேல் நாளைக் காற்றிலேயே பாய் விரிப்போம் என்று வணங்கிக் கலத்துக்குத் திரும்பினார்.

அமைச்சரே, கல் தானாகவே நிற்கும். மரக்கோயில் நிலைக்க ஒவ்வொரு தலைமுறையும் உளி எடுத்தாக வேண்டும். பழமையை இப்படிக் கையால் காத்துவரும் குடி, நம் அவையில் அமர்வது நமக்குப் பெருமை.

ஆகவே நீரே அக்கலத்துக்குச் சென்று, பிழை பொறுக்குமாறு வேண்டி, அவரை அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்துக. ஏனைத் தூதர் எவரும் இடம் விட மறுப்பின், அவரோடு வழக்காட வேண்டா. எம் அரியணையை ஒரு முழம் நகர்த்துக. அதனால் முத்தூற்று நாடு ஒரு முழம் குறையாது.

இரட்டைச் சங்கு இலச்சினையிட்டு விடுத்தோம். கண்ட நாழிகையே இது செயலாகுக.