பணி நிறைவு

அன்புள்ள அப்பா,

போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

இன்று ஸ்ரீரங்கத்தில் அம்மா கூட்டிப் பெருக்கும் பள்ளியில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்தார்கள். துப்புரவு வேலையைக் காண்ட்ராக்டுக்கு விடப் பள்ளிக் குழு முடிவு செய்துவிட்டதாம். தலைமையாசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டு, "படிச்ச பொண்ணு, நீயே பக்குவமா சொல்லிடும்மா" என்றார்.

பஸ்ஸில் அம்மா கேடயத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். "என்னடி எழுதியிருக்கு?"

"பணி நிறைவுப் பாராட்டு."

"என் வேலை நிறைவா இருக்குன்னா? இப்பவாச்சும் வாயத் தொறந்து சொன்னாங்களே!" பக்கத்து சீட் அக்காவிடமும் காட்டினாள்.

காலாண்டு லீவு முடிந்து கட்டிக்கொண்டு போக யூனிஃபார்ம் புடவையை இப்போதே இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். அதற்குள் திருப்பூரிலிருந்து வந்துவிடுங்கள் அப்பா. 'பணி நிறைவு' என்ற அந்த இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் மகள்