ரோசிக்கு ஊற்றிய எண்ணெய்

இயேசு மரி சூசை துணை

அண்ணனூர்,
செவ்வாய்க்கிழமை காலை

அன்புத் தங்கை சகாயமேரிக்கு,

அண்ணன் ராயப்பன் எழுதுவது. முட்டிவலியைத் தவிர நான் நலம். ஓசூரில் நீயும் மாப்பிள்ளையும் உன் மகன் ஆன்டோவும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போன் பண்ணினால் என் பேரைப் பார்த்ததும் கட் பண்ணிவிடுகிறாய். லெட்டரை அப்படிப் பண்ண முடியாது. கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

நம்ம மாட்டுக்கொட்டாய் இருந்த இடத்தில் இப்போது மூணு மாடி ஃபிளாட். ரோசியைக் கட்டின இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். போன வாரம் மழைக்கு அங்கே ஒதுங்கினேன். ஊறின பருத்திக்கொட்டை வாசம் அடித்த மாதிரி இருந்தது. பிரமைதான். ரயில் ஷெட்டிலிருந்து முதல் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டதும் கொண்டையை முடிந்துகொண்டே வந்து நிற்பாயே, அதெல்லாம் ஞாபகம் வந்தது. அந்தோணியார் தேர் நம்ம வாசலுக்கு வந்தபோது ரோசி கயிற்றை அறுத்துக்கொண்டு போய் சாமந்தி மாலையைத் தின்றாளே, ஃபாதர் முறைத்ததும் அந்தோணியாரே சும்மா இருக்கார், நீங்க ஏன் ஃபாதர் கோவப்படுறீங்க என்று நீ கேட்டாயே. அதை நினைத்து இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் ரெனிதா மாட்டு டாக்டருக்குப் படித்து முடித்து, இப்போது மேல்படிப்பு படிக்கிறாள். மாடு தின்கிற எண்ணெயும் கொழுப்பும் அதன் உடம்பில் என்ன வேலை செய்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிடும்போது அதைப் பற்றிச் சொன்னாள். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டேன்.

மாட்டுக்கு வைக்கோலைக் குறைத்து எண்ணெயை அதிகமாகக் கொடுத்தால், வயிற்றில் இருக்கிற கிருமிகள் அதை வேறு மாதிரிக் கொழுப்பாக மாற்றிவிடுமாம். அது ரத்தத்தில் கலந்து மடிக்குப் போய், பாலுக்குக் கொழுப்பு உண்டாக்குகிற ஜீன்களை அடக்கிவிடுமாம். ஜீன் எங்கேயும் போகாது, அதன் வேலைதான் குறையும் என்றாள். பால் அளவு அப்படியே இருக்குமாம். தண்ணி கலந்ததாகவும் காட்டாதாம். கொழுப்பு மட்டும் சரிந்துவிடுமாம்.

உனக்குப் புரிந்திருக்கும். நாம் பிரிந்த அந்த வருஷம் வைக்கோல் சரியாகக் கிடைக்கவில்லை. எண்ணெய் ஊற்றினால் பால் கெட்டியாகும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு, ஆவடி சிப்ஸ் கடையில் மிஞ்சின எண்ணெயை வாங்கிவந்து தவிட்டில் பிசைந்து வைத்தேன். பால் சொசைட்டியில் நாலு சதவீதம் இருந்த ஃபேட் மூணுக்கு வந்தது. போதவில்லை போல என்று இன்னும் ரெண்டு கரண்டி ஊற்றினேன். இரண்டரைக்கு இறங்கிவிட்டது. இப்படி ஒரு முட்டாளை நீ பார்த்திருக்கிறாயா?

பால் டெஸ்ட் பண்ணுகிற லோகநாதன், தண்ணி கலக்கலை, யாரோ ஆடையை எடுத்துட்டுக் குடுக்கறாங்க என்றான். சாயங்காலப் பால் விடியும்வரை உன் அறையில்தான் இருக்கும். கேன் கொண்டுபோவதும் நீ. அதோடு உன் அலமாரியில் ஒரு நெய் பாட்டில் பார்த்திருந்தேன். டைபாய்டு வந்து தேறின ஆன்டோவுக்காகக் கடையில் வாங்கினது என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். நான் அதுவரை எங்கே பொறுத்தேன்? சொசைட்டி வரிசையில் அத்தனை பேர் பார்க்க, எத்தனை நாளா ஆடை எடுத்து நெய் காய்ச்சறே என்று கேட்டுவிட்டேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. கேனைக் கீழே வைத்துவிட்டுப் போனாய். அந்த வாரமே வீட்டைக் காலி பண்ணிவிட்டீர்கள்.

ரெனிதா சொல்லித்தான் எனக்கு உண்மை தெரிந்தது என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மனசு ஒப்பவில்லை, மேரி.

நீ போன மறுநாளிலிருந்து கேனை நானே எடுத்துப்போனேன். கறந்த சூட்டோடு, யாரையும் தொடவிடாமல். நாலாம் நாள் லோகநாதன் சீட்டை நீட்டினான். அதே இரண்டரை. எதனால் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆனால் நீ எடுக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. லோகநாதன் என் முகத்தையே பார்த்தான். நான் சீட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கே ரயிலேறி உன்னிடம் வந்திருக்க வேண்டும். வெட்கம். அடுத்த வாரம், ஈஸ்டர் போகட்டும், கிறிஸ்துமஸ் போகட்டும் என்று பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டேன். சொந்தக்காரர்கள் உன்னைப் பற்றிக் கண்டபடி பேசினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பாவம், அண்ணனுக்கு எவ்வளவு வருத்தம் என்று என்னைத்தான் தேற்றினார்கள்.

ரெனிதாவிடம் நேற்று எல்லாம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்னும் என்னிடம் பேசவில்லை.

வரும் ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நிற்பார்கள். லோகநாதனையும் வரச் சொல்லியிருக்கிறேன். அத்தனை பேர் முன்னாலும் உண்மையைச் சொல்லப்போகிறேன். நீ வந்தாலும் சொல்வேன், வராவிட்டாலும் சொல்வேன். என்னை மன்னிக்க வேண்டாம். வந்து நில், அது போதும். அன்றைக்குப் பேசாமல் போனதையெல்லாம் அங்கேயே வைத்துக் கேள்.

மாதா உன் குடும்பத்தைக் கண்ணைப்போல் காக்கட்டும். ஆன்டோவுக்கு என் ஆசீர்.

இப்படிக்கு,
உன்னைத் திருடியாக்கின அண்ணன்,
ராயப்பன்