இடப்பக்கம் வளரும் நிலா

ஏப்ரல் 6

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பாவின் கைக்கடிகாரத்தை உன் சிநேகிதி கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். காலையில் பல் துலக்கியதும் சாவி கொடு. முரட்டுத்தனமாகத் திருகாதே. முகப்பில் நீலச் சாளரத்துக்குள் ஒரு தங்க நிலா வளர்ந்து தேயும். அதைச் சரியாக வைத்துத்தான் அனுப்புகிறேன். நீ கை வைக்காதே.

அண்ணனின் பழைய சட்டையிலேயே வளர்ந்ததாகக் குறைப்படுவாயே! இது அவன் கேட்டும் கொடுக்காதது.

அம்மா

ஏப்ரல் 24

அன்புள்ள அம்மா,

கடிகாரம் வந்தது. அழகு. ஆனால் வானத்தில் நிலா இடப்பக்கம் வளர்கிறது, இதில் வலப்பக்கம். "அசல் இப்படித் தப்பு பண்ணாதுடா, இது டூப்ளிகேட்" என்கிறான் ஆபீஸ் நண்பன்.

கேட்க நாக்கு கூசுகிறது. அசல் அண்ணனிடம் இருக்கிறதா? வீடியோ காலில் இடது கையைக் காட்டவே மாட்டேன் என்கிறான். போனில் கேட்டால் வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

சின்னவன்

மே 9

சின்னவனே,

பூமியின் அடிவயிற்றில் உட்கார்ந்துகொண்டு நிலாவுக்கே தப்பு சொல்கிறாயா? பள்ளியில் பூகோள சிஸ்டர் விளக்கையும் பந்தையும் வைத்துக் காட்டியதை நான் இன்னும் மறக்கவில்லை. இங்கே வலப்பக்கம் வளரும் அதே நிலா, நீ இருக்கும் தென்பாதியில் தலைகீழாகத் தெரியும். கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்.

அண்ணன் கையில் வெந்நீர் கொட்டிக் கொப்புளம். நீ பதறுவாய் என்று மறைத்தான். நீயோ அவனைத் திருடனாக்கினாய், என்னைப் பொய்க்காரியாக்கினாய்.

கடிகாரம் எனக்குத் திரும்ப வேண்டும். பார்சலில் அல்ல, உன் கையால்.

அம்மா

மே 25

அம்மா,

மாடிக்குப் போய்த் திருப்பிப் பிடித்தேன். அச்சாகப் பொருந்தியது. மானம் போயிற்று. அண்ணனிடம் பேசினேன். "கொப்புளத்தையும் உனக்கே பார்சல் பண்ணட்டுமாடா?" என்று சிரிக்கிறான்.

மன்னித்துவிடுங்கள். கடிகாரம் மட்டும் என்னிடமே இருக்கட்டுமே? தினமும் நான்தான் சாவி கொடுக்கிறேன்.

உங்கள் சின்னவன்

ஜூன் 10

அன்புள்ள சின்னவனுக்கு,

மன்னித்தாயிற்று. மேலே "அன்புள்ள" திரும்பி வந்திருப்பதைக் கவனித்தாயா?

கடிகார விஷயம் வேறு. உனக்கும் வேண்டாம், அண்ணனுக்கும் வேண்டாம். நானே கட்டிக்கொள்ளப் போகிறேன். கடைக்குப் போய்க் கடிகாரத்தின் போட்டோவைக் காட்டி, என் மணிக்கட்டுக்கு அளவெடுத்துப் புதுப் பட்டை வாங்கிவிட்டேன். கடைக்காரர் தயங்கினார். "அம்மா, அது ஆம்பளைங்க வாட்ச்சாச்சே!"

"நிலாவுமா?" என்றேன். துளை போட்டுக் கொடுத்தார்.

டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது. வரும்வரை நீயே கட்டிக்கொள், சாவி கொடுக்க மறக்காதே. வந்திறங்கிய இரவு மாடியில் நின்று வானத்தையும் கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள். திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்காது. பிறகு கழற்றி என் கையில் கட்டிவிடு.

பட்டை தயார்.

அம்மா