‘பேட்மைண்ட்’ யாருடைய சொல்?

மார்ச் 3, கிங்ஸ்டன்

‘பேட்மைண்ட்’ என்ற சொல்லுக்குப் பதிவு எழுதும் வேலை டமோயாவுக்குப் போய்விட்டது. அவள் இந்த அகராதி அலுவலகத்துக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. நான் பத்தொன்பது வருடமாகச் சந்தையிலும் பேருந்திலும் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு, யார் எப்படிச் சொன்னார் என்று சான்றுச் சீட்டு எழுதியவள்.

“நோர்டா, உன் கையில ஏற்கெனவே நூறு சொல்லு கெடக்கு. இது எங்கேருந்து வந்துச்சுன்னு அந்தப் பொண்ணு தேடட்டுமே” என்றார் தலைமைத் தொகுப்பாளர். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வயிறு எரிந்தது.

மார்ச் 4

அவள் சட்டைகூட நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 11

பொருளில் தகராறு இல்லை: பொறாமை, அடுத்தவர் வாழப் பொறுக்காத குணம்; அந்தக் குணம் உள்ள ஆளையும் ‘பேட்மைண்ட்’ என்றே சொல்வோம். பிறப்புதான் சிக்கல். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் தங்கள் மொழியில் ‘கெட்ட மனசு’ என்றதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருப்பார்கள், இரண்டு சொல்லும் பிறகுதான் ஒட்டிக்கொண்டன என்கிறாள் டமோயா. பிரித்து எழுதிய பழைய சான்று ஒன்று வேண்டுமாம்.

“மிஸ் நோர்டா, உங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா?”

“தேடிப் பாக்கறேன்.”

தேட என்ன இருக்கிறது? என் இழுப்பறையின் அடியிலேயே இருக்கிறது. ஒரு மீனவர் மனைவி தங்கைக்கு எழுதிய கடிதம். ‘பேட்’, நல்ல இடைவெளி, ‘மைண்ட்’. நான் கண்டெடுத்தது. அவளுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

மார்ச் 12

இழுப்பறையைப் பூட்டினேன்.

மார்ச் 20

சந்தையில் கிழங்கு விற்கும் மிஸ் பேர்லிடம் புலம்பினேன். “அந்தப் பொண்ணுக்கு என்மேல பேட்மைண்ட்!”

“அவளுக்கா? அவ பொறாமப்படற மாதிரி உன்கிட்ட அப்படி என்னம்மா இருக்கு?”

கிழங்கு வாங்காமலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2

டமோயா முன்னூற்றுப் பன்னிரண்டு சான்றுச் சீட்டுகளையும் மேசையில் பரப்பினாள்.

“கவனிச்சீங்களா மிஸ் நோர்டா? அவ பேட்மைண்ட், அவன் பேட்மைண்ட், அவங்க பேட்மைண்ட். ‘நான் பேட்மைண்ட்’னு ஒரு ஆளுகூடச் சொல்லல!”

குத்தல் இல்லை, அவளுக்கு எதுவும் தெரியாது. எனக்குத்தான் காது சுட்டது. சீட்டுகளில் பாதி என் கையெழுத்து — எப்படிப் பார்க்காமல் போனேன்? இதையும் இவதான் கண்டுபிடிக்கணுமா? சே, இப்பவும் பொறாமதான் வருது எனக்கு.

ஏப்ரல் 3

கடிதத்தை அவள் மேசையில் வைத்தேன். கூடவே, புதிதாக எழுதிய ஒரு சீட்டு.

ஏப்ரல் 24

அந்தச் சொல்லின் அச்சுப்படி திருத்தத்துக்கு வந்தது. பிறப்புக்குச் சான்றாக மீனவர் மனைவியின் கடிதம். எல்லாவற்றுக்கும் கடைசியில் என் சீட்டு: “நான் பேட்மைண்ட். கடிதத்தைப் பூட்டி வைத்திருந்தேன்.” சொன்னவர் பெயர் வரும் இடத்தில் டமோயா ‘கிங்ஸ்டன் பெண் ஒருவர்’ என்று மட்டும் போட்டிருந்தாள்.

அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.