உப்புக்கு வந்த சண்டை

சாமி தனபாலுக்கு, அம்மா சௌந்திரம் எழுதுவது. காளியாத்தா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், சத்தீஸ்கர் வெயிலில் போர் போடும் நீயும் ரிக் வண்டி ஆட்களும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பக்கத்தில் ஆள் இருக்கிறதென்று ம் கொட்டுவாய், அதனால்தான் ரிக்குக்கு ஸ்பேர் பார்ட்ஸ் ஏற்றி வரும் லாரி டிரைவர் சடையனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். விஷயம் கேள், இன்றைக்குக் காலையில் உன் பெண்டாட்டி என்னோடு சண்டை போட்டாள்! ஏனுங்கத்தே, கொள்ளுப் பருப்புல இத்தன உப்பா, மனுசரு திங்க வேண்டாமுங்களா என்று வட்டிலைத் தள்ளிவிட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. மாசக்கணக்காகத் தலை சீவாமல், போட்டதைத் தின்று, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த பிள்ளை அல்லவா கிருத்திகா!

உன் அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கோயிலில் ஆத்தாவிடம் உத்தரவுக்குப் பூக் கேட்டுக்கொண்டே இருந்தார். வெள்ளைப் பூ வந்தால் போகலாம், வந்ததெல்லாம் சிவப்பு. காய்ச்சலுக்கு ஊசி போடப் பூவா கேட்டோம்? ஆத்தா, நீ பூக் குடுத்துட்டு இரு, நா போயிட்டு வாரேன் என்று கும்பிட்டுவிட்டு, அவளைப் பஸ் ஏற்றி டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் ஏரியாவில் இருக்கும் மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். உன் அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, ஊடு நிம்மதியாக இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள், வாராவாரம் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். முகம் தெளிந்துவிட்டது என்று நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாதாம், நீயும் போதும் என்று சொல்லிவிடாதே.

ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதே. ஊட்டுக்காரரு பேசறாருங்களா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, பேசறாருங்க, சாப்டியான்னு கேட்டுட்டு போனை அத்தைகிட்டக் குடுங்கறாருங்க என்றாள். பக்கத்தில் இருந்த எனக்குச் சுருக்கென்றது. கல்யாணம் ஆனதிலிருந்து அவளிடம் வேறு என்ன பேசினாய், நீயே யோசி.

இனி கிருத்திகா எப்படி இருக்கிறாள் என்று என்னைக் கேட்காதே, நான் சொல்ல மாட்டேன். அவள் போனுக்கே கூப்பிடு. ஆடிக்கு ரிக்கை நிறுத்தியதும் வேறெங்கும் போகாமல் ஊடு வந்து சேர். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், உன்னிடம் சண்டை போடவும் நிறைய வைத்திருக்கிறாள். போடட்டும், போனை மட்டும் வைத்துவிடாதே சாமி.

இப்படிக்கு,
உன் அம்மா
சௌந்திரம்