ராகு காலத்தில் மாட்டிய பேட்டரி

வைகாசி 9, வெள்ளி

அண்ணன் கோபத்தோடுதான் ஊருக்குத் திரும்பியிருக்கிறார். இருக்கட்டும்.

பழைய வேனில் படுக்கையும் அடுப்பும் வைத்து வீடாக்கிவிட்டேன். தனியாக ஊர் சுற்றக் கிளம்பப்போகிறேன். அதற்கான லித்தியம் பேட்டரியையும் நானேதான் கட்டுகிறேன். அதிலுள்ள நான்கு செல்களையும் தனித்தனியாகச் சார்ஜ் ஏற்றி, நான்கும் சமமான பிறகே ஒன்றாக இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏதாவது ஒன்றில் சார்ஜ் அளவு மீறி ஏறி, அது வீங்கிவிடும்.

காலையில் நாட்டரசன்கோட்டையிலிருந்து அண்ணன் எலுமிச்சம்பழமும் குங்குமமுமாக வந்து நின்றார்.

"ஒம்பதரையிலருந்து நல்ல நேரம். பத்தரைக்குள்ள மாட்டிரும்மா."

மீட்டரை வைத்துப் பார்த்தேன். நான்காவது செல் இன்னும் முழுதாக ஏறவில்லை.

"இப்ப மாட்ட முடியாதுண்ணே."

"கொஞ்சம் கொறைஞ்சா என்ன? பத்தரைக்கு ராகு காலம் வந்துரும்."

"நீங்க நேரத்தப் பாக்குறீக. நான் இதுக்குள்ள படுத்துத் தூங்கப் போறவ."

பழத்தை டயருக்கு அடியில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

பதினொன்றே காலுக்கு நான்கும் சமமாயின. ராகு காலம் முடியட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. இணைத்தேன். வேனுக்குள் மின்விசிறி சுற்றியது.

சாயங்காலம் தெருவில் கரண்ட் போனது. புழுக்கம் தாங்காமல் அண்ணன் வேனுக்குள் வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை மணிக்கு மாட்டுன?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"பதினொன்னே கால்."

அவர் முகம் இறுகிவிட்டது. விசிறியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஆனால் தெருவுக்குக் கரண்ட் வரும்வரை அதற்கு அடியிலிருந்து எழுந்திருக்கவில்லை.